தோல்முட்டையில் தொடங்கி வயிற்று நீர் வரை: நான்கு வயது தாண்டிய ஒரு கோழியின் நிகழ்வு ஆய்வு

வயதான கோழி முட்டையைக் குறைப்பதைப் பார்த்து யாரும் பதறுவதில்லை, பதறவும் தேவையில்லை. ஆனால் முட்டை குறைவது வேறு, முட்டை மாறுவது வேறு. ஓடே இல்லாமல் தோல் மட்டும் வருவது, சுருக்கம் விழுந்து வருவது, ராத்திரி கம்பில் அடைந்திருக்கும்போதே நழுவி விழுவது, காலையில் பெட்டிக்குப் போய் வெகுநேரம் உட்கார்ந்துவிட்டு ஒன்றும் இடாமல் எழுந்து வருவது என்று எல்லாவற்றையும் "வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்" என்ற ஒரே கணக்கில் சேர்த்துவிடுகிறோம். அப்புறம் வயிறு தொங்கி, வால் இறங்கி, கோழி ஒரு மூலையில் போய் நிற்கும்போதுதான் கையில் எடுத்துப் பார்க்கிறோம். அதற்குள் நோய் பல வாரம் முந்திப் போயிருக்கும்.

செவலை என்ற கோழிக்கு நடந்ததை முதலிலிருந்து கடைசிவரை இங்கே எழுதுகிறேன். அதே பருவத்தில் அதே மாதிரி தோல்முட்டை இட்ட சாம்பல் என்ற இன்னொரு கோழிக்குக் காரணம் முற்றிலும் வேறாக இருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் விஷயம் விளங்கும் என்பதால் அதையும் இடையில் சொல்கிறேன்.

கோழியும் அதன் பழைய கணக்கும்

செவலை பழுப்பு நிறக் கலப்பின முட்டைக்கோழி. முட்டைக்காகவே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்துப் பெருக்கிய வகை. இந்த வகைக் கோழிகள் நல்ல தீவனம் கிடைத்தால் முதல் வருடத்திலேயே 300 முட்டை வரை இடும், சில அதையும் தாண்டும். இவற்றின் மூதாதையான காட்டுக்கோழி வருடத்துக்கு 10, 15 முட்டை இட்டால் அதிகம், அதுவும் அடைகாத்துக் குஞ்சு பொரிக்க. நம் வீட்டுக் கோழியின் முட்டைக்குழாய் மூன்று நான்கு வருடத்தில் பார்த்த வேலையைக் காட்டுக்கோழியின் குழாய் வாழ்நாள் முழுக்கப் பார்க்காது. வயதான கலப்பினக் கோழிகளுக்கு இந்தக் குழாயிலும் சூலகத்திலும் ஏன் இத்தனை தொல்லை வருகிறது என்பதற்கு அடிப்படை இதுதான்.

முதல் இரண்டு வருடம் செவலை ஏறக்குறைய தினமும் இட்டது. மூன்றாவது வருடம் இறகு உதிர்த்த பிறகு எடுத்துக்கொண்ட ஓய்வு நீண்டது, முட்டை பெரிதானது, ஓடு கொஞ்சம் மெலிந்தது. இது வயதோடு வருகிற வழக்கமான மாற்றம். ஒரு முட்டை ஓட்டுக்குச் சுமார் 2 கிராம் கால்சியம் போகிறது. வயதானாலும் கோழி அந்த அளவைப் பெரிதாகக் கூட்டுவதில்லை, முட்டை மட்டும் பெரிதாகிறது, அதே சுண்ணாம்பு பெரிய பரப்பில் பரவும்போது ஓடு மெல்லியதாகிறது. போதாததற்கு வயதான குடல் கால்சியத்தை முன்போல உறிஞ்சுவதுமில்லை. நான்கு வயது தாண்டியபோது வாரத்துக்கு இரண்டு மூன்று முட்டை, எடை 2 கிலோ, கொண்டை சிவப்பு, ஓட்டம் நடை எல்லாம் ஒழுங்கு. தீவனம் முட்டைக்கோழித் தீவனம்தான், கிளிஞ்சல் தனித் தட்டில் எப்போதும் இருக்கும், கூட்டில் செயற்கை விளக்கு கிடையாது.

எடையை எழுதி வைத்திருந்தது பின்னால் எவ்வளவு உதவியது என்று சொல்லி முடியாது. நோய் வந்த பிறகு எடுக்கிற எடைக்கு முந்தைய எடை இல்லாமல் அர்த்தமே கிடையாது.

முதல் அறிகுறி

ஒரு காலையில் கம்புக்குக் கீழே எச்சத்தின் நடுவே ஒரு தோல்முட்டை கிடந்தது. சில நாள் கழித்து இன்னொன்று, அது உடைந்து மஞ்சள் கரு வழிந்திருந்தது. யாருடையது என்று முதலில் தெரியவில்லை. செவலை உட்காரும் இடத்துக்கு நேர் கீழே கிடந்ததாலும், பெட்டியில் அதன் முட்டை குறைந்திருந்ததாலும் அதுதான் என்று முடிவுக்கு வந்தேன்.

தோல்முட்டை என்றதும் எல்லோரும் சொல்வது கால்சியம். சரிதான், ஆனால் அது ஒரு காரணம் மட்டுமே. முட்டை உருவாகிற வழியை ஒருமுறை நினைத்துப் பாருங்கள்: சூலகத்திலிருந்து விடுபட்ட மஞ்சள் கருவைக் குழாயின் அகன்ற வாய் பிடித்துக்கொள்கிறது, அங்கே கால் மணியோ அரை மணியோ இருக்கும், அடுத்த பகுதியில் சுமார் மூன்று மணி நேரம் வெள்ளைக்கரு சேர்கிறது, அதற்கடுத்த பகுதியில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் தோல் மூடுகிறது, கடைசியாக ஓடு கட்டும் பையில் சுமார் 20 மணி நேரம் தங்குகிறது. மொத்தம் 24 முதல் 26 மணி. ஆக தோல்முட்டை என்பது அந்தக் கடைசிக் கட்டம் கெட்டுப்போனது என்று மட்டுமே சொல்கிறது, ஏன் கெட்டது என்று சொல்வதில்லை. சுண்ணாம்பு இல்லாமல் போயிருக்கலாம். பை வீங்கி ஓடு கட்ட முடியாமல் இருக்கலாம். பயத்தாலோ வலியாலோ முட்டை நேரத்துக்கு முன்னே வெளித்தள்ளப்பட்டிருக்கலாம். கடும் வெயிலில் கோழி வாய் திறந்து மூச்சிரைக்கும்போது ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து ஓட்டுக்கு வேண்டிய கார்பனேட் கிடைக்காமல் போகலாம். தொற்று மூச்சுக்குழல் அழற்சி போன்ற வைரஸ் நோய் குழாயைப் பாழாக்கியிருக்கலாம். அதில் முட்டை சுருங்கியும் வெள்ளைக்கரு தண்ணீராகவும் வரும், பொதுவாக ஒரு கோழியோடு நிற்காது.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. பல கோழிகள் ஒரே சமயத்தில் முட்டையை நிறுத்தினால், கூடவே மூச்சுத் திணறலோ கழுத்து முறுக்கலோ முகவீக்கமோ திடீர்ச் சாவோ இருந்தால், இந்தக் கட்டுரையை மூடிவிட்டு உடனே கால்நடைத் துறைக்குச் சொல்லுங்கள். பறவைக் காய்ச்சலும் வெள்ளைக்கழிச்சலும் அப்படித்தான் தலைகாட்டும், செத்த கோழியை வீட்டில் அறுத்துப் பார்க்கிற வேலை வேண்டவே வேண்டாம்.

செவலை விஷயத்தில், சாம்பலைத் தவிர மற்றக் கோழிகளின் ஓடு கெட்டியாக இருந்தது, வெயில் காலமும் இல்லை. சாயங்காலம் கிளிஞ்சல் தட்டுக்கு அது தானாகப் போய்க் கொத்துவதையும் பார்த்தேன். ஓட்டில் பெரும்பகுதி இரவில்தான் கட்டப்படுகிறது, அதனால் மாலையில் உண்ணும் பெரிய துகள் கிளிஞ்சல் இரைப்பையிலும் (கழுத்தடியில் இரை தங்கும் பை) கற்குடலிலும் (இரையை அரைக்கும் தசைப்பை) தங்கி மெல்லக் கரைந்து இரவு முழுக்கக் கைகொடுக்கும். தூளாகப் போட்டால் அந்தப் பலன் குறைவு. இத்தனையும் கிடைத்த கோழிக்குக் கால்சியக் குறை என்பது பொருந்தவில்லை. ஆனாலும் மருத்துவரிடம் தொலைபேசியில் கேட்டு சில நாள் திரவக் கால்சியமும் வைட்டமின் டி3-யும் கொடுத்தோம். மாற்றம் ஏதும் இல்லை, அந்தப் பதிலும் நோயைக் கண்டுபிடிப்பதில் ஒரு பங்குதான்.

சாம்பல்: அதே அறிகுறி, வேறு நோய்

சாம்பலுக்கு மூன்று வயது தாண்டியிருந்தது. அதுவும் இடையிடையே தோல்முட்டை இட்டுக்கொண்டிருந்தது, அப்புறம் ஒரு காலை இறகைச் சிலிர்த்துக்கொண்டு, வாலை மேலும் கீழும் அசைத்தபடி, முக்கிக்கொண்டே நின்றது. கையில் எடுத்து ஆசனவாய்க்குக் கீழே, இடுப்பெலும்பு முனைகளுக்கு நடுவே மெதுவாகத் தொட்டபோது கெட்டியாக முட்டை தெரிந்தது. இது முட்டை அடைத்துக்கொள்வது. ஓடு கட்டுவதற்கு மட்டுமல்ல, முட்டையை வெளியே தள்ளும் தசை சுருங்குவதற்கும் கால்சியம் வேண்டும். அது குறைந்தால் ஓடும் மெலியும், தள்ளும் பலமும் போகும். அதனால்தான் இரண்டும் சேர்ந்தே வருகின்றன.

இதில் காலதாமதம் கூடாது. சிக்கிய முட்டை நரம்பையும் ரத்த ஓட்டத்தையும் அழுத்துகிறது, எச்சம் போவதையும் மறிக்கிறது, ஓரிரு நாளில் உயிருக்கே ஆபத்து. வெதுவெதுப்பான நீரில் அடிவயிறு மூழ்கும்படி சற்று நேரம் நிற்கவைத்து, துடைத்து உலர்த்தி, இருட்டான சூடான இடத்தில் விட்டோம். கோழியின் உடல் வெப்பம் 41 டிகிரி செல்சியஸை ஒட்டியது என்பதை மறக்க வேண்டாம், நம் கைக்கு இளஞ்சூடாகத் தெரிகிற நீர் அதற்குக் குளிர்ச்சிதான். அதற்காகக் கொதிநீரும் கூடாது, 38, 40 டிகிரி போதும். மருத்துவர் கால்சியம் ஊசி போட்டார், அன்று மாலையே சொரசொரப்பான மெல்லிய ஓட்டோடு முட்டை வந்துவிட்டது. வெளியிலிருந்து அழுத்திப் பிதுக்கவோ உள்ளே உடைக்கவோ வீட்டில் முயலாதீர்கள். உடைந்த ஓடு குழாயைக் கிழிக்கும், கிழிந்த இடத்தில் கிருமி ஏறும், குழாயே வெளியே தள்ளிக்கொண்டும் வந்துவிடலாம்.

காரணம் கூட்டின் அடாவடியில் இருந்தது. இளம் கோழிகள் சாம்பலைத் தீவனத் தட்டிலிருந்து விரட்டிவிட, அது சிந்திய தானியத்தைப் பொறுக்கியே வயிற்றை நிரப்பிக்கொண்டிருந்தது. தானியத்தில் கால்சியம் மிகக் குறைவு, முட்டைக்கோழித் தீவனத்தில் 3.5 முதல் 4.5 சதவீதம் இருக்கும். கண்ணில் படாத தூரத்தில் இரண்டாவது தட்டும் இன்னொரு கிளிஞ்சல் கிண்ணமும் வைத்தோம். ஓடு மெல்லக் கெட்டியானது, அதற்கப்புறம் சாம்பலுக்கு இந்தத் தொல்லை வரவில்லை.

செவலைக்கு அப்படி எந்தத் தடையும் இல்லை. அதுதான் கூட்டத்தின் தலைவி, தட்டுக்கு முதலில் போவது அதுவே.

முட்டை நின்றது, பெட்டி நிற்கவில்லை

அடுத்த கட்டத்தில் செவலை முட்டையே இடவில்லை. இந்த வயதில் நின்றுவிட்டது என்று எளிதாக எடுத்துக்கொள்ளக்கூடிய நேரம் இது. ஆனால் உண்மையிலேயே முட்டையிடுவதை நிறுத்திய கோழியின் உடம்பு வேறு மாதிரி இருக்கும்: கொண்டை சுருங்கி வெளுக்கும், ஆசனவாய் சிறுத்து உலர்ந்து சுருக்கத்தோடு இருக்கும், இடுப்பெலும்பு முனைகளுக்கு நடுவே ஒரு விரல்தான் நுழையும். இடும் கோழிக்கு ஆசனவாய் அகன்று ஈரமாக இருக்கும், இரண்டு மூன்று விரல் நுழையும். செவலையின் கொண்டை சிவப்பாகவே இருந்தது, ஆசனவாய் ஈரமாக, எலும்பு இடைவெளி அகன்று இருந்தது, காலையில் பெட்டிக்குப் போய் வைக்கோலைக் கிளறி உட்காரவும் செய்தது. அடையும் இல்லை, அடைக்கோழி நாள் முழுக்கப் பெட்டியைவிட்டு நகராது, தொட்டால் சீறும், வயிற்று இறகைப் பிடுங்கிப்போடும். செவலை சிறிது நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்து மேயப் போய்விடும்.

ஆக சூலகம் மஞ்சள் கருவை விட்டுக்கொண்டே இருக்கிறது, அது வெளியே வரவில்லை. அப்படியானால் எங்கே போகிறது? குழாய் பிடிக்காமல் வயிற்றறைக்குள் விழுந்திருக்கலாம், அல்லது குழாயில் ஏறிப் பாதியில் தேங்கியிருக்கலாம். இந்தக் கேள்வி எழுந்ததுமே தராசை எடுத்தேன். எடை 2.1 கிலோ, முன்பைவிடக் கொஞ்சம் அதிகம். ஆனால் மார்பெலும்பின் இரு பக்கமும் சதை வற்றி எலும்பு கத்திபோலக் கையில் தட்டியது. சதை குறைந்தும் எடை கூடினால் உள்ளே வேறு ஏதோ சேர்கிறது என்று அர்த்தம். தராசை மட்டும் நம்பினாலும் தப்பு, கையை மட்டும் நம்பினாலும் தப்பு, இரண்டும் சேர்ந்துதான் உண்மையைச் சொல்லும்.

சில நாளில் பெட்டியிலேயே ஒரு கட்டி கிடைத்தது. ரப்பர் மாதிரி வளையும், மஞ்சளும் வெள்ளையும் கலந்த, துர்நாற்றம் அடிக்கிற கட்டி. நறுக்கிப் பார்த்தால் வெங்காயம் போல அடுக்கடுக்காக இருந்தது. பார்ப்பவர்கள் இதை விகார முட்டை என்று நினைத்துத் தூக்கி எறிந்துவிடுவார்கள். இது முட்டையே இல்லை. குழாயில் தொற்று ஏறி, அங்கே சேர்ந்த சீழும் மஞ்சள் கருவும் வெள்ளைக்கருவும் தோலும் கெட்டியாகி, அடுக்கடுக்காகப் படிந்து வெளியே வருவது. பறவைகளின் சீழ் நம்முடையது போல நீராக ஒழுகாது, பாலாடைக்கட்டி பதத்தில் இறுகும், அதனால் தானாக வடியவும் செய்யாது. இப்படி ஒன்றைக் கண்டால் தூக்கி எறியாமல் உறையில் போட்டுக் குளிர்பதனப் பெட்டியில், சாப்பாட்டுப் பொருட்களிலிருந்து விலக்கி வைத்து மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

பரிசோதனை

மருத்துவரிடம் போனபோது வயிறு கால்களுக்கு நடுவே தொங்க ஆரம்பித்திருந்தது, நிற்கும்போது உடம்பு நேர்குத்தாக நிமிர்ந்து வால் தரையைப் பார்த்தது. எச்சம் பச்சை கலந்து தண்ணீராக, பின்புற இறகு அழுக்காக இருந்தது. ஆனாலும் தீனி எடுத்துக்கொண்டுதான் இருந்தது. கோழி சாப்பிடுகிறதே என்று ஆறுதல் அடைபவர்களுக்காக இதைச் சொல்கிறேன். இரையாகும் பிராணி தன் நோயைக் கூடுமானவரை மறைக்கும், தட்டுக்கு வந்து கொத்துவதுபோலவும் காட்டும். உண்மையில் உள்ளே போகிறதா என்று இரவில் இரைப்பையைத் தொட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

எக்ஸ்ரேயில் ஓடுள்ள முட்டை ஏதும் இல்லை. வயிற்றுப் பகுதி முழுக்க ஒரே மங்கல், உறுப்புகளின் ஓரம் பிரிந்து தெரியவில்லை. அல்ட்ராசவுண்டில் நீரும், தடித்து அகன்ற முட்டைக்குழாயும் அதற்குள் கலவையான பொருளும் தெரிந்தன. ஊசியால் எடுத்த நீர் மஞ்சளாகக் கலங்கி, மஞ்சள் கருத் துணுக்குகளோடு இருந்தது. கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையில் ஈ.கோலை என்ற கிருமி வந்தது. முட்டைக்குழாய் அழற்சியிலும் மஞ்சள் கரு வயிற்றறை அழற்சியிலும் மிக அதிகமாகக் கிடைப்பது இதுதான். குடலில் இயல்பாகவே வாழும் கிருமி, எச்சமும் முட்டையும் ஒரே வாசல் வழியாக வருவதால் தளர்ந்த குழாயில் மேலேறிவிடுகிறது. வயிற்றில் விழுந்த மஞ்சள் கருவை ஆரோக்கியமான கோழி ஓரளவு தானே உறிஞ்சிக்கொள்ளும். கிருமி சேர்ந்துவிட்டால் அதே மஞ்சள் கரு அதற்குச் செழிப்பான உணவாகிவிடும்.

இங்கே கையாளும் விதம் பற்றி ஒன்று. பறவைக்கு நம்மைப்போல உதரவிதானம் கிடையாது, மூச்சு முழுக்கக் காற்றுப்பைகளின் விரிவையும் மார்பெலும்பின் அசைவையும் நம்பியிருக்கிறது. வயிற்றில் நீர் கட்டிய கோழியை மல்லாத்திப் படுக்க வைத்தால் அந்த நீர் காற்றுப்பைகளை அமுக்கி, கையிலேயே மூச்சடைத்துச் செத்துப்போகலாம். மார்பை அமுக்காமல் நிமிர்ந்த நிலையிலேயே தூக்குங்கள், அப்படியே பாருங்கள்.

சிகிச்சை

முதலில் நீரை வடித்தார்கள். முழுவதும் இல்லை, மூச்சு இலகுவாகும் அளவுக்கு. ஒரேயடியாக வடித்தால் ரத்த அழுத்தம் விழும். சோதனை முடிவைப் பார்த்து அந்தக் கிருமிக்குக் கேட்கிற நுண்ணுயிர்க்கொல்லி, வலிக்கும் வீக்கத்துக்கும் மெலோக்சிகாம். வீட்டில் மிச்சம் இருக்கிற ஏதோ ஒரு மருந்தைத் தண்ணீரில் கலந்துவிடும் பழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள். எந்தக் கிருமி என்று தெரியாமல் அரைகுறையாகக் கொடுத்தால் எதிர்ப்புள்ள கிருமிதான் மிஞ்சும், அந்த மருந்து முட்டை வழியாகச் சாப்பிடுபவர் வயிற்றுக்கும் போகும். சில மருந்துகள் பல நாடுகளில் முட்டைக்கோழிக்குத் தடை செய்யப்பட்டவை. எத்தனை நாள் முட்டையைத் தவிர்க்க வேண்டும் என்பதை மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது முட்டை உற்பத்தியையே நிறுத்துவது. சூலகம் மஞ்சள் கருவை விட்டுக்கொண்டே இருந்தால் எந்த மருந்தும் ஓட்டைப் பானையில் ஊற்றிய தண்ணீராகிவிடும். இதற்கு டெஸ்லோரெலின் என்ற ஹார்மோன் குச்சியைத் தோலுக்கடியில் வைக்கிறார்கள். முதலில் சில நாள் தூண்டிவிட்டு, அப்புறம் மூளையிலிருந்து வரும் முட்டைக் கட்டளையை அடக்கிவிடும். பலன் சில மாதம் நிற்கும், கோழிக்குக் கோழி மாறும். பல நாடுகளில் உணவுக்காக வளர்க்கும் பறவைக்கு இதற்கு அனுமதி இல்லை, எனவே கிடைக்குமா, சட்டம் இடம் தருமா என்பதை மருத்துவர்தான் சொல்ல முடியும். இது வைத்த கோழியின் முட்டையையும் இறைச்சியையும் உண்ணக்கூடாது. செவலை முட்டைக்காக இருந்த கோழி என்பது அப்போதே முடிந்துவிட்டது, அதை நாங்கள் தெரிந்தேதான் செய்தோம்.

குச்சி வைத்த சில வாரத்தில் செவலை இறகு உதிர்த்தது, கொண்டை சுருங்கி வெளுத்தது. நோய் முற்றுகிறதோ என்று தோன்றும், ஆனால் ஹார்மோன் அடங்கியதற்கு அதுதான் அடையாளம். கால்சியம் மிகுந்த தீவனத்தை நிறுத்தி, முட்டையிடாத கோழிக்கான தீவனத்துக்கு மாற்றினோம். ஓடு கட்டாத உடம்பில் மிஞ்சும் கால்சியத்தைச் சிறுநீரகம்தான் வெளியேற்ற வேண்டும், நாளடைவில் அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். வயதான கோழி என்றாலே கால்சியத்தை அள்ளிப் போடுகிற ஆலோசனையோடு எனக்கு இருக்கும் பெரிய சண்டை இதுதான்.

அறுவை சிகிச்சை பற்றியும் பேசினோம். குழாயை மொத்தமாக எடுத்துவிடலாம், ஆனால் சூலகம் பெரிய ரத்தக் குழாய்களோடு ஒட்டியிருப்பதால் அதை முழுதாக எடுக்க முடியாது, மயக்கத்திலும் ரத்தப்போக்கிலும் இழக்கும் அபாயம் பெரிது. நீர் கட்டி, சதை வற்றி, நான்கு வயது தாண்டிய கோழிக்கு மருத்துவர் அதைப் பரிந்துரைக்கவில்லை. இளம் வயதில், தொடக்கத்திலேயே பிடித்திருந்தால் பேச்சு வேறு மாதிரி போயிருக்கும் என்றார்.

நல்ல மாதங்களும் திரும்பி வந்த நீரும்

செவலை தேறியது. மார்பில் சதை ஏறியது, கம்புக்குத் தாவியது, கூட்டத்தில் தன் இடத்தைத் திரும்பப் பிடித்தது. அந்த மாதங்கள் வீண் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வலியில்லாமல் மண் குளித்து வெயில் காய்ந்த கோழிக்கு அது முழு வாழ்க்கை.

அப்புறம் வயிறு மறுபடி தொங்கியது. கொண்டை இன்னும் வெளுத்தே இருந்தது, அதாவது ஹார்மோன் குச்சி வேலை செய்துகொண்டுதான் இருந்தது, புதிதாக மஞ்சள் கரு விழ வாய்ப்பில்லை. இந்த முறை எடுத்த நீர் கலங்கலாக இல்லை, வைக்கோல் நிறத்தில் தெளிவாக இருந்தது, கிருமியும் வளரவில்லை. நீரின் நிறம் மாறியது மருத்துவரை உடனே யோசிக்க வைத்தது. கலங்கிய நீருக்குக் காரணம் தொற்றும் மஞ்சள் கருவும். தெளிந்த நீர் என்றால் இதயம், ஈரல், அல்லது புற்று.

இரண்டாவது முறை வடித்த பிறகு கிடைத்த நிம்மதி சில நாள்தான் நீடித்தது. தீனி குறைந்தது, கண்ணை மூடியபடி நின்றது, கம்பில் ஏற முடியாமல் தரையில் அடைந்தது. மருத்துவமனையிலேயே மயக்க மருந்து கொடுத்து வலியில்லாமல் முடித்துவைத்தோம். அடிக்கடி வடித்தால் இன்னும் கொஞ்ச நாள் இழுத்திருக்கலாம், ஆனால் ஒவ்வொரு முறை வடிக்கும்போதும் நீரோடு புரதமும் போகிறது, கோழி இன்னும் மெலிகிறது. அந்த நாட்கள் செவலைக்கு எதுவும் தந்திருக்காது.

உடற்கூறு ஆய்வில் இரண்டு விஷயம் வந்தது. முட்டைக்குழாயின் நடுப்பகுதியில் பழைய கெட்டிச் சீழ் அடுக்காக இறுகியிருந்தது, மருந்து கிருமியைக் கொன்றாலும் அந்தக் கட்டியைக் கரைக்கவில்லை. சூலகத்தில் சாம்பல் வெள்ளையாகக் கடினமான சிறு முடிச்சுகள், அதே முடிச்சுகள் குடலின் மேலும் கணையத்தின் மேலும் சிதறியிருந்தன. திசுச் சோதனை சூலகத்தில் தொடங்கிய புற்று என்றது. கோழிக்குச் சூலகப் புற்று தானாகவே, வயது கூடக்கூட அதிகமாக வருகிறது. மனிதருக்கு வரும் சூலகப் புற்றை ஆராயக் கோழியையே மாதிரியாக எடுத்துக்கொள்வது இதனால்தான். முட்டை வெளிப்படும் ஒவ்வொரு முறையும் சூலகத்தின் மேற்பரப்பு கிழிந்து ஆறுகிறது, இப்படி ஓயாமல் கிழிந்து ஆறுவதே புற்றுக்கு வழி திறக்கிறது என்பது முக்கியமாகச் சொல்லப்படும் விளக்கம்.

இதிலிருந்து என் முடிவுகள்

வயதான கோழிக்கு ஒரே ஒரு நோய் இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. செவலைக்குத் தொற்றும் உண்மை, புற்றும் உண்மை. எது முந்தியது என்று உறுதியாகப் பிரிக்க முடியாது என்று மருத்துவரே சொன்னார். முதல் சிகிச்சை தொற்றை நன்றாகவே அடக்கியது, மிச்சமிருந்தது வேறொரு நோய். மறுபடி நீர் கட்டியதைப் பார்த்துவிட்டு முதல் மருந்து பலிக்கவில்லை என்று சொல்வது சரியில்லை.

இரண்டாவது, தோல்முட்டை இட்ட இரண்டு கோழிகளில் ஒன்றுக்குக் கால்சியம் உயிர் காத்தது, இன்னொன்றுக்கு ஒன்றும் செய்யவில்லை. கால்சியம் கொடுத்தும், தட்டுக்குத் தடையில்லாமல் போக முடிந்தும், ஓடு திரும்பவில்லை என்றால் குழாயையும் சூலகத்தையும் பற்றிக் கேட்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. சிவந்த கொண்டையோடு பெட்டிக்குப் போய் வெறுமனே திரும்பும் கோழி அதைவிட அவசரம். வயிறு தொங்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

இப்போது மூன்று வயது தாண்டிய ஒவ்வொரு கோழியையும் மாதம் ஒருமுறை இரவில், கம்பில் அமைதியாக இருக்கும்போது எடுத்துப் பார்க்கிறேன். எடை, மார்புச் சதை, வயிற்றின் பதம், ஆசனவாய், கொண்டை நிறம், அவ்வளவுதான். வயிறு மாவுபோல மெத்தென்று இருந்தால் கொழுப்பு. அப்படியானால் தானியத்தைக் குறைக்கிறேன், ஏனென்றால் கொழுத்த கோழிக்கு ஈரலில் கொழுப்பேறி திடீரென ரத்தம் கசிந்து சாகும் ஆபத்து உண்டு, முட்டை சிக்கும் வாய்ப்பும் அதிகம். நீர் நிரம்பிய பைபோல அசைந்தால் அடுத்த நாளே மருத்துவர். குளிர்காலத்தில் பகல் குறையும்போது கோழி முட்டையை நிறுத்துவதை இப்போது நல்ல செய்தியாகவே பார்க்கிறேன். அந்த ஓய்வை விளக்குப் போட்டுக் கெடுப்பது, வயதான கோழிக்காவது, எனக்கு ஏற்பில்லை.

இன்னொரு கோழிக்கு இதே வரிசையில் அறிகுறிகள் வந்தால், கால்சியத்துக்கு ஒரு வாரம் தருவேன். அதற்குள் ஓடு கெட்டியாகவில்லை என்றால் நீர் கட்டுவதற்கு முன்பே அல்ட்ராசவுண்டுக்குக் கொண்டுபோய், ஹார்மோன் குச்சியா அறுவையா என்ற பேச்சைக் கோழி இன்னும் சதைப்பிடிப்போடு இருக்கும்போதே மருத்துவரிடம் தொடங்கிவிடுவேன்.